மே மாதத்துச் சிங்கப்பின்

ஆர்டீலியா டில்மனிடம் ஒரு மீனைக் காட்டி, அதன் பெயரையும் தப்பாகச் சொல்லிவிட்டு, நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தவர் சட்டிலா ஆற்றங்கரையில் ஒருவரும் கிடையாது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு, தட்டையாகப் பளபளவென்று எது தூண்டிலில் மாட்டினாலும் அது ‘ப்ரிம்’. அத்தோடு பேச்சு முடிந்தது, எண்ணெய் காய வேண்டியதுதான் பாக்கி. ஆர்டீலியாவால் அப்படி விட முடியாது. பெட்ரோல் பங்க் வாசலாக இருந்தாலும் சரி, சாவு வீடாக இருந்தாலும் சரி, ஆளை நிறுத்திக் கேட்டுவிடுவாள்.

"ப்ரிம்னா என்ன ப்ரிம்? உன் பேரு என்னன்னு கேட்டா மனுஷன்னா சொல்லுவ? செவுளைத் திருப்பிக் காட்டு."

செவுள் மூடியின் நுனியில் காது மாதிரி ஒரு மடல் நீட்டிக்கொண்டிருக்கும். அவளுக்கு எல்லாமே அந்தக் காதில்தான். காது நீளமாகக் கறுத்து, நெஞ்சு முட்டைக்கருவின் செம்மஞ்சளில் இருந்தால் செந்நெஞ்சன். ஓடும் தண்ணீரில் இருப்பது, எங்கள் ஆற்றின் ராஜா. காது குட்டையாக, மை தொட்டு வைத்ததுபோல இருந்தால் நீலச்செவுள். உடம்பெல்லாம் பொட்டுப் பொட்டாக, மூழ்கிய அடிமரங்களைப் போய் இடித்துக்கொண்டே திரிவது கட்டைமுட்டி. கறுத்த காதின் விளிம்பில் மட்டும் ரத்தச் சிவப்பாக ஒரு கோடு ஓடினால் அது ஓடுநொறுக்கி. தொண்டைக்குள் பல் வைத்துக்கொண்டு நத்தையை ஓட்டோடு அரைத்துத் தின்னும் ஜாதி. இத்தனையும் ஒரே குடும்பம்தான் என்றாலும், அண்ணன் தம்பியைப் பெயர் மாற்றிக் கூப்பிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது என்பாள்.

அவளுக்கு அப்போது ஐம்பத்தைந்து தாண்டியிருந்தது. பள்ளிக்கூடத்து மஞ்சள் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலிருக்கும் அகலக் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தால் போதும், கடைசி சீட்டில் எவன் எவனைக் கிள்ளினான் என்று சொல்லிவிடுவாள். பொய் சொல்கிற பிள்ளையை அடிக்க மாட்டாள். அடுத்த நிறுத்தம் வரைக்கும் கண்ணாடியிலேயே பார்த்துக்கொண்டு வருவாள். இறங்குவதற்குள் அது தானாக எல்லாவற்றையும் கொட்டிவிடும்.

பொய் என்றால் அவளுக்கு ஏன் அத்தனை ஆகாது என்பது ஊருக்கே தெரியும். இளவயதில் ஹாலிஸ் என்று ஒருவனைக் கட்டிக்கொண்டாள். சனிக்கிழமை தவறாமல் ஆற்றுக்குப் போகிறேன் என்று கிளம்பி, பொழுது சாய்ந்து வருவான். ஒருநாள் தலையை வெட்டிச் சுத்தம் செய்த மீனை ஒரு பொட்டலமாகக் கொண்டுவந்து, நாள் முழுக்க ஆற்றில் நின்று பிடித்தேன் என்று மேஜையில் வைத்தான். தலை இல்லாவிட்டால் கண்டுபிடிக்க மாட்டாள் என்று நினைத்தான் போலிருக்கிறது. அவள் செதில் ஒன்றைச் சுரண்டி விளக்கில் பார்த்தாள். கத்தாளை. கடல் மீன். "ஹாலிஸ், நம்ம ஆத்துக்கு யாரு உப்பு போட்டது?" என்று மட்டும் கேட்டாள். கடற்கரை ஊரில் அவனுக்கு இன்னொருத்தியோடு ஒரு வீடு இருந்தது அப்புறம்தான் தெரிந்தது. அவன் பெட்டி மறுநாளே வாசலுக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவள் தனியாகத்தான் இருந்தாள், நன்றாகவும் இருந்தாள். தட்டையடிப் படகு ஒன்று, மூங்கில் தூண்டில்கள், தூண்டில் இரைக்காக வலைக்கூண்டில் சத்தமிடும் சுவர்க்கோழிகள், சனிக்கிழமை காலையில் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் ஓடும் ஆறு. இதற்கு மேல் ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று தங்கை ரோஸெலிடம் கேட்பாள். ரோஸெலுக்குப் பதில் தெரியும், ஆனால் அக்காளுக்குப் பயந்து சொல்ல மாட்டாள்.

க்ளோவிஸ் கில்லரி வந்து சேர்ந்தது இந்த நிம்மதியின் நடுவில்தான். லூசியானாக்காரர், மனைவியை இழந்தவர், ரயில்வே பட்டறைக்கு வெல்டராக மாற்றலாகி வந்தவர். சர்ச்சில் மீன் வறுவல் விருந்துக்கு முன்னால் இரும்புக் கொப்பரையின் ஒரு கால் உடைந்துபோக, பாஸ்டர் யாரையோ விட்டு அவரை அழைத்து வந்தார். காலை ஒட்டவைத்தவர் விருந்துக்கும் இருந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மிளகாய்க் குழம்புப் புட்டியை எடுத்து மீனில் தெளித்தார். சர்ச்சே பார்த்தது. ஆர்டீலியா பார்த்தது வேறு. செந்நெஞ்சனை முழுசாக மக்காச்சோள மாவில் புரட்டி வறுத்தால் வால் அப்பளமாகப் பொரிந்திருக்கும். தெரியாதவர்கள் அதைத் தட்டோரம் ஒதுக்கிவிடுவார்கள். இந்த மனிதர் வாலை முதலில் கடித்தார்.

"இன்னொரு வால் கிடைக்குமா?" என்று கேட்டார்.

"வாலு தனியா வராது, மிஸ்டர் கில்லரி. மீனோடதான் வரும்."

"அப்ப மீனையும் சாப்பிட்டுத் தொலைக்கிறேன்."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினாள். குளிர்காலம் முழுவதும் அவர் போனில் பேசினார். வசந்தம் வந்ததும் புதன்கிழமைகளில் அவள் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். அவர் வருகிற நாளில் அவள் அடுப்படியில் பாடுகிறாள் என்று ரோஸெல் ஊரெல்லாம் சொல்லி வைத்தாள். அது உண்மையும்கூட. ஆசைப்படுகிற வயதைக் கடந்துவிட்டேன் என்று நினைத்திருந்தவளுக்கு, ஆசை வந்ததில் வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் முதல் முறையாக அவரை ரோஸெல் குடும்பத்தோடு விருந்துக்கு அழைத்திருந்தாள். எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்த வாரத்துப் புதன்கிழமை, தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு அவர் சொன்னார்:

"சனிக்கிழமை வெறுங்கையோட வர மாட்டேன், மிஸ் ஆர்டீலியா. உங்களுக்கு சிங்கப்பின் கொண்டாரேன்."

அவள் கையில் இருந்த கரண்டி நின்றது.

"சிங்கப்பினா? இப்பவா?"

"இப்ப இல்லாம எப்ப? இதானே சீசன். பௌர்ணமி வேற வருது. நேத்து பழைய ஆத்துப் பக்கம் போய்ப் பாத்துட்டேன். அப்படியே குமிஞ்சு கெடக்கு."

"குமிஞ்சு கெடக்கா."

"வாளி நிறைய அள்ளிக்கிட்டு வந்துடலாம். ஒவ்வொண்ணும் என் உள்ளங்கை பெருசு." விரித்தும் காட்டினார். வெல்டரின் கை, சாப்பாட்டுத் தட்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு. "முள்ளு மட்டும் பாத்து எடுக்கணும். சுடச்சுட வறுத்து வச்சீங்கன்னா எங்க ஊர்ல ஒருத்தன் வாய் பேச மாட்டான்."

ஆர்டீலியா கரண்டியைக் கீழே வைத்தாள். அவரை வாசல் வரை அனுப்பிவிட்டு வந்து, கழுவின தட்டையே மறுபடியும் கழுவினாள்.

சிங்கப்பின் என்றால் என்ன என்று எங்கள் ஊரில் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். மணல்மேட்டில் முளைக்கும் ஒரு புதர்மரம், அதன் கொட்டை. முள்ளுக் கூட்டுக்குள் ஒன்றே ஒன்றாக இருக்கும், சுண்டு விரல் நகத்தளவு. சின்ன வயதில் ஆர்டீலியா அதை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் விடுவதற்குள் ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்று தீர்த்தவள். அது பழுப்பது கோடை முடிந்து பள்ளி திறந்த பிறகு. மே மாதத்தில் மரம் அப்போதுதான் பூத்து நாறிக்கொண்டிருக்கும். மே மாதத்தில், உள்ளங்கை பெரிதாக, வாளி நிறைய, பௌர்ணமிக்குச் சிங்கப்பின்.

ரோஸெலுக்குப் போன் போட்டாள். ரோஸெல் முதலில் சிரித்தாள்.

"உள்ளங்கை பெருசா? அக்கா, உன் ஆளு தேங்காயைப் பாத்துட்டு வந்து சொல்றாரு போல."

"சிரிக்காத, ரோஸெல். மூஞ்சியைப் பாத்துச் சொல்றாரு. கண்ணு இமைக்கல."

"சும்மா உன்னைக் குஷிப்படுத்தச் சொல்லியிருப்பாரு. ஆம்பளைங்க சொல்றதுதானே."

"ஹாலிஸும் குஷிப்படுத்தத்தான் மீன் கொண்டாந்தான்."

ரோஸெல் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "அவர்கிட்டயே கேட்டுடேன் அக்கா."

"எதுக்கு? இன்னொரு பொய்யைக் கேக்கவா?"

அவளுக்கு ஆத்திரம் தீரவில்லை. பொய் சொன்னதற்காக மட்டும் இல்லை. அதைக் கேட்ட பிறகும் அவர் சிரிப்பு நினைவுக்கு வந்துகொண்டே இருந்ததுதான் கொடுமை. வியாழக்கிழமை பஸ்ஸில் பிள்ளைகள் அடித்துக்கொண்டு கிடந்தார்கள். அவள் கண்ணாடிப் பக்கமே திரும்பவில்லை. தலைமுடி சீர்செய்ய அழகுநிலையத்தில் கேட்டு வைத்திருந்த நேரத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் போன் செய்தபோது, தொண்டையைக் கரகரவென்று வைத்துக்கொண்டாள்.

"உடம்பு சரியில்ல, மிஸ்டர் கில்லரி. காய்ச்சல். நாளைக்கு விருந்து முடியாது."

"அடடா. சூப் வச்சுக் கொண்டாரட்டுமா? பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"வேண்டாம். தொத்திக்கும்."

போனை வைத்துவிட்டு, இதோடு முடிந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முடிந்த மாதிரி இல்லை. படுக்கையில் புரண்டு புரண்டு படுத்தாள்.

மனசு சரியில்லை என்றால் அவளுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். சனிக்கிழமை விடிவதற்கு முன்னால் எழுந்து, தலையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, பொத்தான் போன பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, பின்வாசல் வழியாகப் போய்ப் படகை வண்டியில் ஏற்றினாள். மேலே எங்கோ மழை பெய்து ஆறு பெருகிக் கிடந்தது. செந்நெஞ்சன் இன்று வாயைத் திறக்காது. ஆறு எப்போதோ தடம் மாறியபோது விட்டுவிட்டுப் போன வளைவு ஒன்று உண்டு. அதைத்தான் பழைய ஆறு என்போம். அங்கே தண்ணீர் அசையாது. மண்புழு டப்பாவை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். அந்தப் பெயரை அதே வாரத்தில் இன்னொருவர் சொல்லியிருந்தது அவள் நினைவுக்கு வரவில்லை. கோபத்தில் இருந்தவளுக்கு, கொட்டை பொறுக்குகிற ஒருவர் தண்ணீர் மேல் இருப்பார் என்று எப்படித் தோன்றும்?

படகைத் தள்ளிக் கொஞ்ச தூரம் போனதும் வாசனை வந்தது. வெள்ளரிக்காயை இரண்டாக ஒடித்தாற்போல. ஓடுநொறுக்கிகள் கூட்டமாக அடிமணலைப் பறித்துப் படுகை போட்டு முட்டையிடுகிற நாளில் தண்ணீர் அப்படித்தான் மணக்கும். மூக்குள்ளவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போய்விடலாம். ஆர்டீலியா மூக்கு போன வழியே துடுப்பைப் போட்டாள். மூன்று நாளில் முதல் முறையாக மனசு லேசானது. தண்ணீருக்குள்ளேயே நிற்கும் ஒரு பெரிய சைப்ரஸ் மரத்தின் வேரோரம் படகைக் கட்டி, புழுவைக் கோத்து, தக்கையை எறிந்தாள். தக்கை நின்றது, நடுங்கியது, காணாமல் போனது.

மூங்கில் வளைந்தது. மீன் வட்டமடித்து, மரத்துக்கு அந்தப் பக்கமாகப் பாய்ந்தது. அவள் எழுந்து நின்று இழுத்தாள். தூண்டில் நரம்பு எதிலோ சிக்கியது. மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ இழுத்தார்கள்.

"ஏங்க, உங்க நரம்பு என் நரம்புல மாட்டிக்கிச்சு," என்றது ஒரு குரல். "அப்படியே புடிச்சுக்கோங்க, நான் வரேன்."

அந்தக் குரலைக் கேட்டதும் ஆர்டீலியாவுக்கு நிஜமாகவே உடம்பு சுட்டது. ஓடலாம் என்றால் படகு கட்டிக் கிடக்கிறது. தூண்டிலை விட்டுவிடலாம் என்றால், மீன் மாட்டிய தூண்டிலை அவள் வாழ்நாளில் விட்டதில்லை. அதற்குள் வேரைச் சுற்றிக்கொண்டு ஒரு படகின் மூக்கு வந்தது. பின்னாலேயே க்ளோவிஸ் கில்லரி வந்தார்.

அவர் அவளைப் பார்த்தார். தலைத்துணியைப் பார்த்தார். பொத்தான் இல்லாத சட்டையை, மண்புழு டப்பாவை, வளைந்து நிற்கும் மூங்கிலைப் பார்த்தார்.

"காய்ச்சல்னு சொன்னீங்களே, மிஸ் ஆர்டீலியா."

பஸ் கண்ணாடியில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் எப்படி விழிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அப்படியே விழித்தாள்.

"மீன் போயிடப் போவுது," என்றாள் கடைசியில்.

இருவருமாக இழுத்தார்கள். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது மீன், சாப்பாட்டுத் தட்டு மாதிரி அகலம். அது அவள் தூண்டில் முள்ளில்தான் மாட்டியிருந்தது, அவர் நரம்பு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அவள் முதுகு முள்ளை மடக்கிப் பிடித்து, பழக்கதோஷத்தில் செவுளைத் திருப்பினாள். கறுத்த காது, விளிம்பில் சிவப்பு.

"ஓடுநொறுக்கி," என்று முணுமுணுத்தாள்.

"இதையா? இப்படியா சொல்லுவீங்க இங்க?" க்ளோவிஸ் எட்டிப் பார்த்தார். "எங்க ஊர்ல இது சிங்கப்பின்."

ஆர்டீலியா மீனைப் பிடித்தபடியே நின்றாள். மீன் ஒரு துள்ளு துள்ளி அவள் சட்டையில் தண்ணீர் அடித்தது.

"என்னது?"

"சிங்கப்பின். உங்களுக்குக் கொண்டாரேன்னு சொன்னேனே. உடம்பு சரியில்லாட்டியும் தேறினப்புறம் சாப்பிடுவீங்கன்னு வந்தேன்." தண்ணீரில் தொங்கிய கம்பிக் கூடையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே கறுப்பும் சிவப்புமாகக் காதுகள் நெளிந்தன. "பாருங்க. உள்ளங்கை பெருசு. நான் சொன்னேன்ல."

அவள் தொப்பென்று படகில் உட்கார்ந்தாள். முள்ளு பார்த்து எடுக்கணும். சுடச்சுட வறுக்கணும். பழைய ஆத்துல குமிஞ்சு கெடக்கு. அந்த மனிதர் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. ஊரெல்லாம் மீனுக்குப் பெயர் சொல்லித் திரிந்தவளுக்கு, இதே மீன் லூசியானாவில் வேறு பெயரில் நீந்தும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மீனை மடியில் போட்டுக்கொண்டு சிரித்தாள். அவர் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு நிஜமாவே உடம்பு சரியில்லதான் போல," என்றார்.

பிறகு, "நேத்து ராத்திரி சூப் வச்சு உங்க வாசப்படியில வச்சுட்டு வந்தேன். தூங்குவீங்கன்னு கதவைத் தட்டல. பாத்தீங்களா?" என்றார்.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவள் பின்வாசல் வழியாக வந்தவள். இந்த நேரத்துக்கு அந்தச் சூப்பைப் பூனை முகர்ந்துகொண்டிருக்கும். இந்தத் தண்ணீரில் பொய் சொன்னவர் ஒரே ஒருவர்தான், அது யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பயம் வந்தது. ஹாலிஸை அனுப்பியபோது வராத பயம்.

"மிஸ்டர் கில்லரி, எனக்குக் காய்ச்சல் இல்ல," என்றாள். "நான் பொய் சொன்னேன். எங்க ஊர்ல சிங்கப்பின்னா ஒரு கொட்டை. இந்த நகம் இருக்கே, இத்தனூண்டு. மே மாசத்துல காய்க்காது. நீங்க என்னை ஏமாத்தறீங்கன்னு நினைச்சேன். கேட்டிருக்கலாம். கேக்கல. உங்களைப் பொய்க்காரர்னு நினைச்சுக்கிட்டு நான் பொய் சொன்னேன்."

அவர் சிக்கிய நரம்பைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தார். ஒரு முடிச்சு, இன்னொரு முடிச்சு. ஆர்டீலியாவுக்கு அந்த விரல்கள் எத்தனை மெதுவாக நகர்கின்றன என்று தோன்றியது.

"கொட்டையா?" என்றார் கடைசியில்.

"ஆமா."

"உள்ளங்கை பெருசுக்கு?"

"நீங்கதானே கையை விரிச்சுக் காட்டினீங்க."

"அதை நான் வாளி நிறைய பொறுக்கிட்டு வரேன்னு?"

"பௌர்ணமிக்கு," என்றாள் அவள்.

அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தமே இல்லாமல் சிரித்தார், படகு ஆடியது, கம்பிக் கூடைக்குள் மீன்கள் கலைந்து துள்ளின. தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கோவமா இருந்தா சொல்லிடுங்க," என்றாள் ஆர்டீலியா. அவளால் அவரோடு சேர்ந்து சிரிக்க முடியவில்லை. "கயித்தை அவுத்துக்கிட்டு நான் போயிடறேன். நீங்க ரொம்ப நல்ல மனுஷன்."

அவர் பிரித்த நரம்பை அவளிடம் நீட்டினார். பிறகு தன் படகின் கயிற்றை எடுத்து, அவள் படகு கட்டியிருந்த அதே வேரில் கட்டினார். புழுவைக் கோத்துத் தக்கையை எறிந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்," என்றார்.

"கேளுங்க."

"காய்ச்சல் இப்ப எப்படி இருக்கு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். முகத்தை நேராகத்தான் வைத்திருந்தார், வாயோரம் மட்டும் நிற்கவில்லை. மரங்களுக்கு மேல் வெயில் ஏறிவிட்டது. அவள் தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"விடல," என்றாள்.

"அப்படியா."

"பனிக்காலத்துலேர்ந்து ஏறிக்கிட்டேதான் இருக்கு. இனிமே விடும்னு எனக்குத் தோணல, க்ளோவிஸ்."

மிஸ்டர் இல்லாமல் அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் தக்கை எப்போது முழுகியது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை.